2004 அக்டோபர் 17, ஃபென்வே பார்க்: ஆட்டத்தை வென்று கொடுத்தது ஓர்டிஸின் அடியா, ராபர்ட்ஸின் ஓட்டமா?

கடைசிப்பந்து:

நேற்று ராத்திரி அந்த ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். முடிவு மனப்பாடம். இருந்தாலும் அந்த ஒரு இடம் வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். இங்கே பேஸ்பால் பார்ப்பவர்கள் நாலைந்து பேராவது இருக்கிறீர்கள் என்று தெரியும். அதனால் ரொம்ப நாளாக மனதில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன்.

புதியவர்களுக்காக முதலில் நிலவரம். பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கும் நியூயார்க் யாங்கீஸுக்கும் இருப்பது தலைமுறைப் பகை. நட்சத்திர ஆட்டக்காரர் பேப் ரூத்தை பாஸ்டன் ஒரு லட்சம் டாலருக்கு நியூயார்க்குக்கு விற்ற செய்தி 1920 ஜனவரியில் வெளியானது. பாஸ்டன் கடைசியாக உலகத் தொடரை வென்றது 1918-இல். அதற்கப்புறம் அந்த ஊர் காத்துக்கொண்டே இருந்தது. அதற்குள் யாங்கீஸ் 26 கோப்பைகளை வாங்கிக் குவித்துவிட்டது. 2003-இல் இதே இரண்டு அணிகளும் ஏழாவது ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு போய், 11-வது இன்னிங்ஸில் யாங்கீஸின் ஆரன் பூன் அடித்த ஹோம் ரன்னில் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி வேலியைத் தாண்டும் அடி) பாஸ்டன் வெளியேறியது.

2004 அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் (வென்றவர் உலகத் தொடருக்குப் போவார்) நிலைமை அதைவிட மோசம். ஏழு ஆட்டத் தொடரில் யாங்கீஸ் 3-0 முன்னிலை. மூன்றாவது ஆட்டத்தில் பாஸ்டனை அதன் சொந்த மைதானத்திலேயே 19-8 என்று அடித்துத் துவைத்திருந்தார்கள். பேஸ்பாலில் 0-3 என்று விழுந்த எந்த அணியும் அதுவரை எழுந்து தொடரை வென்றதில்லை.

நான்காவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸ், வழக்கமாக அதுதான் கடைசி; சமநிலை என்றால் மட்டும் மேலே போகும். யாங்கீஸ் 4, ரெட் சாக்ஸ் 3. பந்து போடும் மேட்டில் யாங்கீஸின் மரியானோ ரிவேரா. மூன்று அவுட் எடுத்தால் பாஸ்டன் வீட்டுக்குப் போகலாம். முதல் பேட்டர் கெவின் மில்லாருக்கு நான்கு தப்புப் பந்து, அதாவது வாக். முதல் பேஸுக்குப் போனார் (நான்கு பேஸையும் சுற்றி ஹோமுக்கு வந்தால் ஒரு ரன்). அவருக்குப் பதிலாக ஓட டேவ் ராபர்ட்ஸ் வந்தார். எதற்கு வந்திருக்கிறார் என்பது மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ரிவேரா முதல் பேஸுக்கு ஒருமுறை எறிந்தார், இன்னொருமுறை எறிந்தார், மூன்றாவது முறையும் எறிந்தார். அப்புறம்தான் பேட்டருக்கு முதல் பந்து. ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸுக்கு ஓடினார். கேட்சர் பொசாடா எறிந்தார், அந்தப் பேஸில் ஜீட்டர் பிடித்துத் தொட்டார், அம்பயர் ஜோ வெஸ்ட் இரண்டு கையையும் விரித்து சேஃப் என்றார்.

கொஞ்ச நேரத்தில் பில் மியூலர் ரிவேராவைத் தாண்டி நடுவில் அடித்த அடியில் ராபர்ட்ஸ் ஹோமுக்கு வந்தார். 4-4. (மியூலர் தன் பெயரை மில்லர் என்றுதான் உச்சரிப்பார். மில்லாரோடு குழம்பக் கூடாது என்பதால் எழுத்தில் உள்ளபடியே எழுதுகிறேன்.) பன்னிரண்டாவது இன்னிங்ஸில் மேனி ராமிரெஸ் முதல் பேஸில் நிற்க, டேவிட் ஓர்டிஸ் வலது பக்கம் ஹோம் ரன் அடித்தார். 6-4. மொத்தம் 5 மணி 2 நிமிடம்.

எல்லோரும் ஓர்டிஸைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியவர்தான், தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது. ஆனால் என் கட்சி ராபர்ட்ஸ். அந்தத் தொடரில் அவர் ஒருமுறைகூட மட்டையைப் பிடித்து நிற்கவில்லை. அந்த ஒரு ஓட்டம் இல்லையென்றால் பன்னிரண்டாவது இன்னிங்ஸே இல்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?


ஜெர்சிக்காரன்:

நான் யாங்கீஸ் பக்கம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நியூஜெர்சியில் எங்கள் அடுக்ககத்தில் அன்று நாங்கள் ஆறு பேர் சேர்ந்து பார்த்தோம். எட்டாவது இன்னிங்ஸில் ரிவேரா உள்ளே வந்ததும் ஒருவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாள் திங்கட்கிழமை, காலை ஷிஃப்ட். ரிவேரா வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது என்பது எங்களுக்கு அவ்வளவு நிச்சயம்.

நீங்கள் எழுதியதில் ஒரு இடத்தை வேகமாகத் தாண்டிவிட்டீர்கள், மில்லாருக்குக் கொடுத்த வாக். ஒரு ரன் முன்னிலையில், கடைசி இன்னிங்ஸில், முதல் ஆளையே சும்மா அனுப்புவது ரிவேரா செய்கிற காரியமே இல்லை. கட்டர் என்ற ஒரே பந்தை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஆண்டவர். இடது கை பேட்டருக்கு அது கடைசி நொடியில் உள்ளே வெட்டிக்கொண்டு போய் மட்டையின் கைப்பிடியை உடைக்கும். மில்லார் வலது கை பேட்டர். அவர் அவசரப்படாமல் நின்றார், ரிவேராவுக்கு அன்று அந்த ஓரம் சரியாக விழவில்லை. ராபர்ட்ஸ் ஓடுவதற்கு முதல் பேஸ் வேண்டுமே! அதைச் சம்பாதித்துக் கொடுத்தது மில்லார்.

இன்னொன்று. அன்று ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்தில் இதே மில்லார்தான், எங்களை இன்றைக்கு மட்டும் ஜெயிக்க விட்டுவிடாதீர்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பந்து போட நாளைக்கு பெட்ரோ மார்ட்டினெஸ் இருக்கிறார், ஆறாவது ஆட்டத்துக்கு ஷில்லிங் இருக்கிறார், ஏழாவது வந்துவிட்டால் எதுவும் நடக்கும் என்று. 19-8 தோற்ற மறுநாள் பேசிய பேச்சு அது. எதிரணிக்காரனாக இருந்தாலும் அந்த மனுஷனை எனக்குப் பிடிக்கும்.


கல்லூரி_கீப்பர்:

வணக்கம். எனக்கு பேஸ்பால் அவ்வளவாகத் தெரியாது, கிரிக்கெட்தான். கல்லூரி அணியில் விக்கெட் கீப்பராக இருந்தேன். அதனால் பொசாடா பற்றிக் கேட்கிறேன். ஓடப் போகிறான் என்று தெரியும் என்கிறீர்கள். தெரிந்தும் ஏன் பிடிக்க முடியவில்லை? பந்து கையில் வந்ததும் எறிந்தால் ஓடுகிறவனைவிடப் பந்துதானே வேகம்? அப்புறம், பந்து போடுவதற்கு முன்னாலேயே ஓடலாம் என்றால் எல்லோரும் ஓடிக்கொண்டே இருக்க மாட்டார்களா? பன்ட் என்று மெதுவாகத் தட்டிவிட்டு ஆளை நகர்த்துவார்கள் என்று படித்திருக்கிறேன், அதைச் செய்திருக்கலாமே?


கடைசிப்பந்து:

தம்பி, நல்ல கேள்விகள். கீப்பர் என்பதால் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

பேஸுக்குப் பேஸ் தூரம் 90 அடி, ஏறக்குறைய 27 மீட்டர். கிரிக்கெட் பிட்சைவிட ஏழு மீட்டர் அதிகம். ஓடுகிறவர் பேஸில் ஒட்டிக்கொண்டு நிற்க மாட்டார், நாலைந்து எட்டு விலகி நிற்பார். அதுதான் அவருடைய முதலீடு, அதுதான் ஆபத்தும். விலகி நிற்கும்போது பிட்சர், அதாவது பந்து போடுகிறவர், திரும்பி முதல் பேஸுக்கு எறிந்து தொட்டுவிட்டால் அவுட். எல்லோரும் ஓடிக்கொண்டே இருக்காததற்கு இதுதான் காரணம். பிட்சர் பேட்டரை நோக்கி அசைய ஆரம்பித்தபின் திரும்ப முடியாது. அந்த முதல் அசைவைப் படித்துவிட்டு ஓட வேண்டும்.

இப்போது நேரக் கணக்கு. பிட்சர் அசைய ஆரம்பித்ததிலிருந்து பந்து கேட்சர் கையுறைக்கு வர ஒன்றேகால் முதல் ஒன்றரை நொடி. கேட்சர் வாங்கி, எழுந்து, இரண்டாவது பேஸுக்கு எறிய இரண்டு நொடி. அந்த எறி மட்டும் 127 அடி, கிட்டத்தட்ட 39 மீட்டர். ஸ்டம்ப் பக்கத்தில் நிற்கிற கீப்பர் பேட்ஸ்மேன் காலைத் தூக்கினால் பெயில்ஸைத் தட்டுகிற வேலை இல்லை இது. உட்கார்ந்த நிலையிலிருந்து எழுந்து, முன்னால் நிற்கிற பேட்டரைத் தாண்டி, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஜீட்டரின் கையுறைக்குப் போக வேண்டும். ஆக மொத்தம் மூன்றரை நொடிக்குள். வேகமான ஆளுக்கும் அவ்வளவுதான் ஆகும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் தீர்மானமாகிற விஷயம்.

பொசாடா தப்பே செய்யவில்லை. பந்து வெளிப்பக்கமாக, எறிய வசதியாக வந்தது. எறிந்ததும் நல்ல எறிதான். கொஞ்சம் கீழே வந்திருந்தால், அல்லது ராபர்ட்ஸ் அரை எட்டு தாமதித்திருந்தால், அவுட்.

பன்ட் அடித்து நகர்த்தலாம். ஆனால் கையில் இருக்கிற மூன்று அவுட்டில் ஒன்றை ரிவேராவுக்குத் தானம் கொடுத்த மாதிரி ஆகும். ராபர்ட்ஸ் அந்த அவுட்டைக் கொடுக்காமலேயே இரண்டாவது பேஸை எடுத்துத் தந்தார். அதனால்தான் அவர் பக்கம் நிற்கிறேன்.


எண்கணக்கு:

எல்லோருக்கும் வணக்கம். விதியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இதை இந்தக் கோணத்தில் பார்த்தவர்கள் குறைவு.

ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்கு எறிந்தார் அல்லவா? 2023-இல் வந்த விதிப்படி ஒரு பேட்டர் நிற்கும்போது பிட்சர் இரண்டு முறைதான் அப்படி விலகலாம். மூன்றாவது முறை எறிந்து ஆளை அவுட்டாக்காவிட்டால் பாக், ஓடுகிறவர் சும்மாவே அடுத்த பேஸுக்கு நடந்து போகலாம். அதாவது இன்றைய விதியில் அதே காட்சி நடந்திருந்தால், மூன்றாவது எறியோடு அம்பயர் ராபர்ட்ஸை இரண்டாவது பேஸுக்கு அனுப்பியிருப்பார். ஓட்டமே இருந்திருக்காது. பேஸின் அளவையும் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகப் பெரிதாக்கிவிட்டார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2004-இல் வீடியோ பார்த்து சேஃப், அவுட் முடிவை மாற்றுகிற வழி கிடையாது. 2014-இல்தான் அது வந்தது. ஜோ வெஸ்ட் அன்று அவுட் என்று சொல்லியிருந்தால் அதுவே முடிவு. அவர் நின்ற இடத்திலிருந்து சரியாகப் பார்த்தார்.

ராபர்ட்ஸின் வேகம் சும்மா பேச்சில்லை. அந்த வருடம் இரண்டு அணிகளுக்கும் சேர்த்து 41 முறை ஓடி 38 முறை வென்றிருக்கிறார். அவரை பாஸ்டன் வாங்கியது ஜூலை 31-ஆம் தேதி, வியாபாரம் மூடுகிற கடைசி நாளில். அன்று ஊரே பேசியது நட்சத்திர ஆட்டக்காரர் நோமார் கார்சியாபாராவை விற்றுவிட்டார்களே என்றுதான். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியிலிருந்து ஒரு ஓட்டக்காரர் வந்தது யார் கண்ணிலும் படவில்லை.


சார்ல்ஸ்_நதி:

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2004-இல் நான் பாஸ்டனில் முதுகலை முதலாம் ஆண்டு. ஃபென்வேயிலிருந்து நடந்து போகிற தூரத்தில், மூன்றாவது மாடியில் நான்கு பெண்கள் ஒரு வீட்டில் இருந்தோம். எனக்கு பேஸ்பாலில் ஒன்றும் தெரியாது. ஊரில் அப்பாவோடு சேர்ந்து கிரிக்கெட் பார்த்தவள்தான்.

சனிக்கிழமை 19-8 தோற்ற இரவு தெருவில் கூட்டம் கலைந்து போனது நினைவிருக்கிறது. ஒருவரும் பேசவில்லை. சிவப்பு ஜாக்கெட் போட்ட ஒரு பெரியவர் எங்கள் வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினார், மறுபடி அவிழ்த்துக் கட்டினார். என் அறைத்தோழி அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறுநாள் நள்ளிரவு தாண்டியும் ஆட்டம் முடியவில்லை. நான் படுத்துவிட்டேன். ஒரு மணி இருபது நிமிடத்துக்கு மேல் இருக்கும், ஜன்னல் கண்ணாடி அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். டிவியில் சத்தம் வருவதற்கு முன்னாலேயே மைதானத்திலிருந்து நேராக வந்துவிட்டது. தோழி ஹாலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய தாத்தா இதைப் பார்க்காமலேயே போய்விட்டார் என்றாள். ஒரு ஆட்டம்தானே ஜெயித்திருக்கிறது, இன்னும் 1-3 தானே என்று நான் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் ஓர்டிஸும் இல்லை, ராபர்ட்ஸும் இல்லை. டிம் வேக்ஃபீல்ட். அவர் அந்த நான்காவது ஆட்டத்தில் ஒரு பந்துகூடப் போடவில்லை, அதுதான் விஷயம்.

நான்காவது ஆட்டத்தைத் தொடங்க வேண்டியவர் அவர்தான். மூன்றாவது ஆட்டம் கையை விட்டுப் போனதும், தொடங்கியவருக்குப் பின் இறங்குகிற பின்வரிசைப் பிட்சர்கள் எல்லாரும் அங்கேயே களைத்துவிடக் கூடாது என்று, தன் வாய்ப்பை விட்டுக்கொடுத்து தோற்கிற ஆட்டத்தில் இறங்கி மூன்று இன்னிங்ஸுக்கு மேல் போட்டார். அடி வாங்கினார். அதனால்தான் மறுநாள் டெரெக் லோ தொடங்கினார், பின்வரிசையில் கொஞ்சம் கை மிச்சம் இருந்தது. முந்தின வருடம் ஆரன் பூனுக்கு அந்தக் கடைசிப் பந்தைப் போட்டவர் இதே வேக்ஃபீல்ட் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு வருடம் முழுக்க அந்தப் பந்தைச் சுமந்தவர்.

ஐந்தாவது ஆட்டத்தில் 12, 13, 14 இன்னிங்ஸ் அவர்தான் போட்டார். சுழலாமல் தள்ளாடி வருகிற நக்கிள்பால், கேட்சர் வேரிடெக்குக்கே பிடிபடவில்லை. 13-வதில் மட்டும் மூன்று பந்து அவர் கையை விட்டுப் போனது. இருந்தும் ரன் விடவில்லை. வெற்றி வேக்ஃபீல்ட் பெயரில் பதிவானது. 2023 அக்டோபர் 1-ஆம் தேதி, 57 வயதில் அவர் காலமான செய்தி வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த 19-8 இரவுதான்.


ஜெர்சிக்காரன்:

அக்கா, வேக்ஃபீல்ட் பற்றி நீங்கள் சொன்னதை முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன். யாங்கீஸ் ரசிகர்களிலும் அவர்மேல் மரியாதை இல்லாதவர் கிடையாது.

ரிவேரா பற்றியும் ஒரு வார்த்தை. அந்தத் தொடர் தொடங்குவதற்குச் சில நாள் முன்னால் பனாமாவில் அவருடைய வீட்டு நீச்சல் குளத்தில் மின்சாரம் தாக்கி உறவினர் இருவர் இறந்துபோனார்கள். இறுதிச் சடங்கை முடித்துவிட்டு அன்றே விமானம் ஏறி வந்து முதல் ஆட்டத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார். நான்காவது ஆட்டத்தில் அவர் தோற்றார் என்று சொல்கிறவர்கள் அதையும் மனதில் வைக்க வேண்டும். ஓட்டம் போனது, ரன் போனது. அதற்கப்புறம் என்ன நடந்தது தெரியுமா? பன்ட், முதல் பேஸில் டோனி கிளார்க்கின் பிழை, மூன்றாவது பேஸில் மியூலர். வெற்றி ரன் 90 அடி தூரத்தில் நிற்கிறது. கப்ரேராவை வீழ்த்தினார். ராமிரெஸுக்கு வாக். மூன்று பேஸிலும் ஆள், எதிரே ஓர்டிஸ். ஓர்டிஸை வானத்துக்கு அடிக்க வைத்து அவுட்டாக்கினார். அந்த மன உறுதி எத்தனை பேருக்கு வரும்?

அடுத்த ஏப்ரலில் பாஸ்டன் மைதானத்தில் அவர் பெயரை அறிவித்ததும் ஊரே எழுந்து கைதட்டியது. 2004-இல் இரண்டு தடவை விட்டுக்கொடுத்ததற்கு நன்றி என்கிற மாதிரி. ரிவேரா சிரித்துக்கொண்டே தொப்பியைத் தூக்கினார். 2019-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஒரு ஓட்டுகூடக் குறையாமல் தேர்வான முதல் ஆள் அவர்.


எண்கணக்கு:

ஒன்பதாவதிலும் பன்னிரண்டாவதிலும் நின்றுகொண்டிருக்கிறோம். நடுவில் இருப்பதையும் பார்க்க வேண்டும்.

பாஸ்டனின் கடைசி நேரப் பிட்சர் கீத் ஃபோல்க். பொதுவாக ஒரு இன்னிங்ஸ் போடுகிறவரை ஏழாவதிலேயே மேனேஜர் ஃப்ராங்கோனா இறக்கினார். 50 பந்து, யாங்கீஸுக்கு ரன் இல்லை. 4-3 என்ற நிலை 5-3 ஆகியிருந்தால் ராபர்ட்ஸை இறக்கி என்ன பிரயோஜனம்? நாளைக்கு ஃபோல்க் கை இருக்குமா என்று பார்த்திருந்தால் நாளையே இருந்திருக்காது.

அப்புறம் 11-வது இன்னிங்ஸ். யாங்கீஸுக்கு மூன்று பேஸிலும் ஆள், இரண்டு அவுட், பேட்டர் பெர்னி வில்லியம்ஸ். பிட்சர் கர்ட்டிஸ் லெஸ்கானிக். அந்த சீசனின் நடுவில்தான் கான்சஸ் சிட்டி அவரை வேண்டாம் என்று விடுவித்திருந்தது. அவருக்கு அதுவே கடைசி மேஜர் லீக் வருடம். வில்லியம்ஸ் அடித்தது சென்டரில் பாஸ்டனின் டேமன் கையில் விழுந்தது. 12-வதிலும் லெஸ்கானிக் ரன் விடவில்லை. ஆட்டத்தின் வெற்றி அவர் பெயரில்தான் இருக்கிறது. இந்த இழையில் இதுவரை யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை.


கடைசிப்பந்து:

லெஸ்கானிக்கை விட்டது என் தப்பு. அந்தப் பந்தை நான் பாதி கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன்.

எல்லோரும் சொன்னதைப் படித்தபின் என் கட்சியைக் கொஞ்சம் திருத்திச் சொல்கிறேன். மில்லார், ஃபோல்க், லெஸ்கானிக், ஓர்டிஸ் எல்லோரும் தங்கள் வேலையைச் செய்தவர்கள். தினமும் ஆடுகிறவர்களுக்குக் கை, கால், கண் எல்லாம் சூட்டில் இருக்கும். ராபர்ட்ஸ் அந்தத் தொடரில் அதுவரை ஒரு ஆட்டத்திலும் இறங்கவில்லை. குளிர்கிற அக்டோபர் ராத்திரியில் எட்டு இன்னிங்ஸ் உட்கார்ந்திருந்தவர். உள்ளே போய் நடைவழியில் ஓடிப் பார்த்துக் காலைச் சூடேற்றிக்கொண்டு, ரிவேராவின் அசைவுகளை வீடியோவில் பார்த்துவிட்டுத் தயாராக இருந்தார். ஃப்ராங்கோனா அவரைப் பார்த்து ஒரு கண் சிமிட்டினார், அவ்வளவுதான் உத்தரவு.

டாட்ஜர்ஸில் இருந்தபோது ராபர்ட்ஸுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தவர் மோரி வில்ஸ். 1962-இல் ஒரே சீசனில் 104 பேஸ் திருடியவர் (இப்படிப் பந்து போடும்போதே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பதைத்தான் திருடுவது என்பார்கள்). நீ ஓடப்போகிறாய் என்று மைதானத்தில் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிற நாள் ஒன்று வரும், அன்றைக்குப் பயப்படாமல் ஓட வேண்டும் என்று வில்ஸ் சொல்லியிருந்தாராம். முதல் பேஸில் நிற்கும்போது அதுதான் நினைவுக்கு வந்தது என்று ராபர்ட்ஸ் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார்.

இன்னொரு செய்தி. சரியாக ஒரு மாதம் முன்னால், செப்டம்பர் 17-ஆம் தேதி, யாங்கி ஸ்டேடியத்தில் இதே ரிவேரா, இதே ஒன்பதாவது இன்னிங்ஸ். ராபர்ட்ஸ் பதில் ஓட்டக்காரராக வந்து இரண்டாவது பேஸைத் திருடி, சமன் செய்த ரன்னை எடுத்தார். பாஸ்டன் 3-2 என்று வென்றது. ஆகவே ரிவேராவுக்கும் தெரியும், ராபர்ட்ஸுக்கும் தெரியும். அந்த மூன்று எறியும் சும்மா இல்லை, பழைய கணக்கு. மூன்றில் ஒன்றில் ராபர்ட்ஸ் மயிரிழையில்தான் திரும்பினார்.

ஆனால் எனக்கு ஒன்று தோன்றும். அந்த எறிகள்தான் ராபர்ட்ஸைத் தயார்ப்படுத்தின. முதல் எறிக்கு வந்து விழுந்தபோது கால் விறைப்பு போயிற்று, இரண்டாவதில் நடுக்கம் போயிற்று, மூன்றாவதில் ரிவேராவின் தோள் எப்போது திரும்புகிறது என்று கண்ணுக்குப் பிடிபட்டது.


ஜெர்சிக்காரன்:

அதே மாதிரி ஒரு பழைய கணக்கு மியூலருக்கும் ரிவேராவுக்கும் உண்டு. ஜூலை 24, ஃபென்வே. வேரிடெக்கும் அலெக்ஸ் ராட்ரிகஸும் கைகலந்த ஆட்டம். அன்று ஒன்பதாவதில் ரிவேராவை ஹோம் ரன் அடித்து 11-10 என்று முடித்தவர் மியூலர். ஆக ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸுக்கு வந்ததும் எதிரே நின்றது ரிவேராவை ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்ட ஆள். எங்கள் ஹாலில் அந்த நேரம் யாரும் வாய் திறக்கவில்லை.


சார்ல்ஸ்_நதி:

நாள் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர்டிஸின் ஹோம் ரன் விழுந்தது நள்ளிரவுக்குப் பின் 1 மணி 22 நிமிடம், அதாவது அக்டோபர் 18. ஐந்தாவது ஆட்டத்தை 14-வது இன்னிங்ஸில் ஒரு அடியில் முடித்ததும் ஓர்டிஸ்தான், அதுவும் அக்டோபர் 18 இரவு பதினொரு மணி வாக்கில். ஒரே தேதியில் இரண்டு வெற்றி. இடையில் அந்த ஊர் தூங்கவே இல்லை. காலை வகுப்பில் எங்கள் பேராசிரியர் அதே சட்டையோடு வந்தார்.


கடைசிப்பந்து:

நம் ஊரில் அப்போது திங்கட்கிழமை காலை 10 மணி 52 நிமிடம். அலுவலகத்தில் கணினியில் ஸ்கோர் பக்கத்தை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். 4-4 என்ற எண் அரை மணிக்கும் மேலாக மாறவே இல்லை. திடீரென்று 6-4. படமில்லை, சத்தமில்லை. பக்கத்து மேசை நண்பரிடம் சொல்லத் திரும்பினேன், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் டீ சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனேன். ராபர்ட்ஸ் ஓடியதை நான் கண்ணால் பார்த்தது அதற்கு ரொம்ப நாள் கழித்துத்தான்.


எண்கணக்கு:

அதே ஓட்டம் ஐந்தாவது ஆட்டத்திலும் வேலை செய்தது, ஓடாமலேயே. எட்டாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 4-3. மறுபடி மில்லாருக்கு வாக், மறுபடி ராபர்ட்ஸ். யாங்கீஸ் பிட்சர் டாம் கார்டன் பேட்டரை விட்டுவிட்டு ராபர்ட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். நிக்ஸன் அடித்தார், ராபர்ட்ஸ் மூன்றாவது பேஸுக்குப் போனார், ரிவேரா வந்தார், வேரிடெக்கின் உயர அடியில் ராபர்ட்ஸ் ஹோமுக்கு வந்து சமன் செய்தார். அதற்கப்புறம் அவர் அந்த வருடம் களமிறங்கவில்லை. பாஸ்டன் தொடரை 4-3 என்று வென்று, உலகத் தொடரில் செயின்ட் லூயிஸை 4-0 என்று முடித்து, 86 வருடம் கழித்துக் கோப்பையைத் தூக்கியது. டிசம்பரில் ராபர்ட்ஸை சான் டியேகோவுக்கு மாற்றிவிட்டார்கள்.


கல்லூரி_கீப்பர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அம்மாவோடு உட்கார்ந்து எட்டாவது இன்னிங்ஸிலிருந்து முழுதாகப் பார்த்தேன். அம்மாவுக்கு விதி ஒன்றும் தெரியாது, நானும் அரைகுறையாகத்தான் சொன்னேன்.

முதல் எறியில் ராபர்ட்ஸ் திரும்பி விழுந்தபோது அம்மா, ஏன் இவன் இவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறான், கிட்டே நின்றால் என்ன என்று கேட்டார். மூன்றாவது எறி வரை ராபர்ட்ஸ் நிற்கிற இடம் குறையவே இல்லை, நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு அதே தூரத்துக்குப் போகிறார்.

பொசாடாவுக்காக எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. கீப்பர் என்பதால் சொல்கிறேன், அந்த எறியை நூறு தடவை எறிந்தால் அதைவிட நன்றாக எறிய முடியாது. ஜீட்டர் கையுறை கீழே வருவதற்குள் கை பேஸில் இருக்கிறது. அந்தச் சட்டகத்தில் நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அவர் சோபா நுனிக்கு வந்திருந்தார்.

ஓர்டிஸ் அடித்து எல்லோரும் குதிக்கும்போது, அந்த ஓடின பையன் எங்கே, அவனைக் காட்டச் சொல்லு என்றார். கூட்டத்தில் தேடினோம். 

ஐந்தாவது ஆட்டம் 14 இன்னிங்ஸ் என்கிறீர்கள். சனிக்கிழமை சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு உட்காருகிறோம். முதல் இன்னிங்ஸிலிருந்தே பார்க்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்.